சஸ்பென்ஷனை உயர்த்திப் பெரிய டயர் மாட்டுதல்: கேள்வி பதில்

கேள்வி: முன்னும் பின்னும் ஒரே தண்டாகச் செல்லும் ஆக்சில் கொண்ட வண்டி என்னுடையது. 2 அங்குலம் உயர்த்தினால் டிஃப்பரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூடு) பாறையில் இடிப்பது நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. ஆக்சில் ஸ்ப்ரிங்குக்குக் கீழே இருக்கிறது. உயரமான ஸ்ப்ரிங்கை மாட்டினால் சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். ஆக்சிலையும் அதன் நடுவில் இருக்கும் டிஃப்பரன்ஷியலையும் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. அதுவும் விட்டம் எவ்வளவு கூடியதோ அதில் பாதிதான் கிடைக்கும். 265/70 R17 டயரின் விட்டம் ஏறத்தாழ 803 மி.மீ., 285/70 R17 டயரின் விட்டம் ஏறத்தாழ 831 மி.மீ. இந்த 28 மி.மீ. வித்தியாசத்தில் டிஃப்பரன்ஷியலுக்குக் கிடைப்பது 14 மி.மீ. ஸ்ப்ரிங்கை உயர்த்துவதால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. மேடேறும்போது முன் பம்பர் தட்டுவதும், மேட்டின் உச்சியில் வண்டி வயிறு தட்டி நிற்பதும் குறையும். முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் வண்டிகளில் மட்டும் முன் டிஃப்பரன்ஷியல் சேஸிஸோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அதுவும் சேர்ந்து உயரும்.

கேள்வி: 245/70 R16 இருந்த இடத்தில் 265/75 R16 மாட்டினேன். வண்டி சோம்பிவிட்டது போல இருக்கிறது. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. விட்டம் ஏறத்தாழ 749 மி.மீ. இருந்தது இப்போது 804 ஆகியிருக்கிறது. அதாவது 7 விழுக்காட்டுக்கும் சற்று அதிகம். உங்கள் ஃபைனல் டிரைவ் (சக்கரத்தை ஓட்டும் கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.10 என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 3.82 போல நடந்துகொள்ளும். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இரண்டாவது கேட்கும். ஸ்பீடோமீட்டர் அதே வேகத்தைக் காட்டும்போது வண்டி முன்பைக் காட்டிலும் 7 விழுக்காடு கூடுதலாக ஓடும். அதே பிரேக், பெரிய ஆரமும் கூடுதல் எடையும் கொண்ட சக்கரத்தை நிறுத்த வேண்டியிருப்பதால் பெடலை அதிகமாக அழுத்த நேரும். முதல் சில நாட்கள் முன்னே செல்லும் வண்டியிடமிருந்து கூடுதல் இடைவெளி விடுங்கள். ஸ்டெப்னி அதன் இடத்தில் பொருந்துகிறதா என்பதையும் இன்றே பாருங்கள்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் லிஃப்ட் கிட் நல்லது?

பதில்: வண்டியில் நிரந்தரமாக எத்தனை கிலோ ஏற்றியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இதற்கு விடை இல்லை. பாரத்துக்கென்று செய்த ஸ்ப்ரிங்கைக் காலி வண்டியில் மாட்டினால் குதிக்கும். காலி வண்டிக்கான ஸ்ப்ரிங் பாரம் ஏறியதும் படுத்துவிடும்.

கேள்வி: பெரிய டயர் ஃபெண்டரில் உரசுகிறது. 2 அங்குலம் உயர்த்தினால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: நிற்கும் வண்டியில் சரியாகிவிட்டது போலத் தெரியும். உயரமான ஸ்ப்ரிங் மாட்டுவதால் வண்டி நிற்கும் மட்டம்தான் மாறுகிறது. சக்கரம் மேலேறும் எல்லையில் அதைத் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்து, மறு சக்கரம் முழுவதுமாக மேலே அமுங்கும்போது, டயர் பழைய வண்டியில் எங்கே போய் நின்றதோ அதே இடத்துக்குத்தான் போகும். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப் தொடும்வரை சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாக ஒடித்துப் பாருங்கள். உரசும் இடம் அப்போது தெரியும். உள் ஃபெண்டரின் பின்மூலையில் பிளாஸ்டிக் பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் கறுப்புத் துருவல் ஒட்டியிருந்தால் அது சாலையிலேயே உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு சக்கரத்தை முழுவதுமாகக் கீழே தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: மேலே சொன்னதை ஏற்க முடியாது. நான் முன்பக்கம் உயர்த்திய பிறகு எவ்வளவு கரடுமுரடான பாதையிலும் உரசல் இல்லை.

பதில்: உங்கள் வண்டியில் ஸ்ட்ரட்டின் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்த தூண்) தலைமேல் ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் சொல்வதும் சரிதான். அங்கே ஸ்ட்ரட் முழுவதுமே கீழே இறங்குகிறது. பம்ப் ஸ்டாப் ஸ்ட்ரட்டுக்குள் இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்குவதால், சக்கரம் பழைய உச்சிக்குப் போகாது. ஆனால் மேலே குறைந்த அசைவு கீழே கூடிவிடுகிறது. சக்கரம் தொங்கும்போது அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் வளையும் கோணம் கூடுகிறது. சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் ஸ்ப்ரிங்கில் போய் இடிக்கிறது. பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தன் எல்லைக்குச் சென்று நெம்புகிறது. பம்ப் ஸ்டாப் சேஸிஸில் தனியாக இருக்கும் வண்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அது தொடுவதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் உள்ளுக்குள் முட்டி உடையும். சி.வி. ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, கிரீஸ் கசிகிறதா என்று பாருங்கள். உரசல் இல்லை என்பது ஒரு கேள்விக்கான விடைதான்; மற்ற மூன்று கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

கேள்வி: அப்படியானால் பம்ப் ஸ்டாப்பை நீட்டினால் போதுமே?

பதில்: போதும், அதுதான் நேர்மையான வழி. நீட்டும் அளவுக்குச் சக்கரத்தின் மேல் அசைவை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். இல்லையென்றால் ஃபெண்டரை வெட்டுங்கள், அல்லது டயரை ஓர் அளவு குறையுங்கள். ரிம்மின் ஆஃப்செட்டைக் குறைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் உரசல் இடம் மாறுமே தவிர மறையாது. ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் போட்டு பம்பரைத் தொடும்.

கேள்வி: 4 அங்குலம் உயர்த்தலாமா?

கேள்வி: 33 அங்குல டயருக்கு எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும்?

பதில்: இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். 33 அங்குலக் கேள்விக்கு விடை ஸ்ப்ரிங்கில் இல்லை, முழுவதும் அமுங்கிய சக்கரத்தில் இருக்கிறது, மேலே விளக்கிவிட்டேன். 4 அங்குலக் கேள்விக்கு இந்தக் கணக்கு: இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1500 மி.மீ., புவியீர்ப்பு மையம் 700 மி.மீ. உயரத்தில் என்றால், அகலத்தின் பாதியை உயரத்தால் வகுக்க 1.07 வரும். மையம் 50 மி.மீ. ஏறினாலே அது 1.00 ஆகிவிடும். இந்த எண் குறையக் குறைய, வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியை 2 அங்குலத்துக்கு மேல் உயர்த்த நான் யாருக்கும் சொல்வதில்லை. பிரேக் ஹோஸை மறக்க வேண்டாம்.

கேள்வி: உயர்த்திய பிறகு நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைகிறது. முன்பக்கம் ஒரே ஆக்சில்தான்.

பதில்: கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்திருக்கிறது. சேஸிஸ் உயரும்போது, ஆக்சிலை அதனோடு பிணைக்கும் ரேடியஸ் ஆர்ம்கள் சாய்ந்து ஆக்சிலைத் திருப்பிவிடுவதால், நேராகத் திரும்பிவரும் குணம் போய்விடும். ஆஃப்செட் புஷ் (துளை நடுவிலிருந்து விலகிய புஷ்) அல்லது திருத்திய ஆர்ம் போட வேண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு அதை ஒரு பக்கமாக இழுத்திருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு அதைச் சரிசெய்யும். ஸ்டீயரிங் நடுக்கத்தை அடக்கும் டேம்பரை மாற்றச் சொல்பவரிடம் முதலில் அலைன்மென்ட் அளவுத்தாளைக் கேளுங்கள்.

கேள்வி: இதற்குச் சட்ட அனுமதி உண்டா?

பதில்: வண்டி பதிவான இடத்தின் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேளுங்கள், வேலை தொடங்கும் முன்பே.

கேள்வி: எவ்வளவு உயர்த்தினால் பாதுகாப்பு?

பதில்: மேலே 4 அங்குலக் கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நானே வீட்டில் மாட்டப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஸ்ட்ரட்டில் ஏறிய ஸ்ப்ரிங்கைத் தகுந்த கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றாதீர்கள், அது உயிரை எடுக்கும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக இறுக்காதீர்கள். அந்த நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். கையால் முடுக்கி வைத்து, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, பம்பரை அழுத்தி விட்டபின் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அடுத்து அலைன்மென்ட், ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள், இல்லையென்றால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசும். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.