வெள்ளைக்குள் பல வெள்ளை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மாமியார் காலத்து டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்று சிவப்புப் பாலிஷ் உரிந்து கிடக்கிறது. பல வெள்ளைகள் அடுக்கடுக்காகத் தெரியும் ஐரோப்பியப் பாணிப் பழமைத் தோற்றத்தை அதற்குக் கொடுக்க விரும்பி, சுவருக்கு அடித்ததில் மிஞ்சிய வெள்ளை எமல்ஷனை ஓர் இழுப்பறையின் முகப்பில் பூசிப் பார்த்தேன். பழமைக்குப் பதிலாகப் புதுப்பெயின்ட் பூசியது போலவே இருக்கிறது. போதாக்குறைக்குப் பழுப்புத் திட்டுகளும் வந்துவிட்டன. எங்கே தவறுகிறது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் திட்டுகளைப் பார்ப்போம். தேக்கு, வேங்கை போன்ற மரங்களில் உள்ள சாயச்சத்தும், பாலிஷில் கலந்திருந்த சிவப்புச் சாயமும், தண்ணீரில் கரைந்த பெயின்ட் மேலே பட்டவுடன் அதனோடு கரைந்து மேற்பரப்புக்கு வந்துவிடும். இன்னும் எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் அந்தப் பழுப்பு ஒவ்வொரு கோட்டிலும் திரும்பி வரும். எண்ணெய்ப்பசையும் பழைய மெழுகும் போகும்படி மேசையைச் சோப்புநீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தபின், மெழுகு நீக்கிய அரக்கை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கோட் பூசுங்கள். அரக்கு தண்ணீரில் கரையாததால் சாயத்தை அடியிலேயே நிறுத்திவிடும். தங்கள் மேசையின் பழைய பாலிஷும் பெரும்பாலும் அரக்காகவே இருக்கும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள், அங்கே பிசுபிசுத்தால் அது அரக்குதான். பலகையில் வெடிப்போ ஓட்டையோ இருந்தால் பட்டி பார்ப்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும்.

இனி தோற்றத்துக்கு வருவோம். 1771 முதல் 1792 வரை ஸ்வீடனை ஆண்ட மூன்றாம் குஸ்தாவ் மன்னரின் பெயரால் அழைக்கப்படும் பாணியில், பிரெஞ்சு அரண்மனை அறைகலன்களின் வடிவத்தைப் பைன் போன்ற எளிய மரத்தில் செய்து, அதன்மேல் வெண்சாம்பல், வெளிர்நீலம், பாலாடை நிறங்களைப் பூசினார்கள். அந்நாளைய வெள்ளைக்கு ஈயமும் எண்ணெயுமே அடிப்படை என்பதால், அது மெல்ல மஞ்சளடைந்தது. அதன்மேல் அடுத்த தலைமுறை வேறொரு வெள்ளையைப் பூசியது. கைபட்ட இடங்களில் மேல்பூச்சு தேய்ந்து கீழுள்ளது தெரிந்தது. 1989இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ராச்சல் ஆஷ்வெல் என்பவர் ‘ஷாபி சிக்’ (நைந்தாலும் நாகரிகம்) என்ற கடையைத் திறந்தபின், இப்படித் தேய்ந்த வெள்ளைக்கு உலகெங்கும் வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். ஆகவே தாங்கள் விரும்பும் பழமை, ஒன்றுக்கொன்று பொருந்தாத வெள்ளைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதில்தான் பிறக்கிறது. ஒரே டப்பாவிலிருந்து மூன்று கோட் அடித்தால் அது ஒரே வெள்ளையாகத்தான் நிற்கும்.

முதல் அடுக்குக்கு, வெள்ளை எமல்ஷனில் பெயின்ட்டுக்கு நிறமேற்றும் ஸ்டெயினரில் மஞ்சளும் கறுப்பும் சில துளிகள் விட்டு, பழைய துணியின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். டப்பாவில் பார்க்கும்போது அழுக்காகத் தோன்றுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது காய்ந்ததும், கை இயல்பாகப் படும் இடங்களில் மட்டும், அதாவது இழுப்பறைப் பிடிகளைச் சுற்றியும், மேற்பலகையின் முன்விளிம்பிலும், கால்களின் அடியிலும், சாதாரண மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, பாலாடை நிறத்தில் இரண்டாவது கோட் அடியுங்கள். மீண்டும் அவ்விடங்களில் சிறிது மெழுகு தேய்த்தபின், மூன்றாவதாகச் சற்றே வெளுத்த வெள்ளையை, பிரஷ்ஷில் மிகக் குறைவாக எடுத்து, வரிவரியாகத் தெரியும்படி இழுத்துவிடுங்கள். நீலச்சாயல் அடிக்கும் பளீர் வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். அது கீழுள்ள இரண்டையும் அழுக்காக்கிக் காட்டும். நன்கு காய்ந்தபின் 220ஆம் எண் உப்புத்தாளால் மெழுகு பட்ட இடங்களைத் தேய்த்தால், மேலடுக்கு தானாக விட்டு, கீழ் வெள்ளைகள் ஓரங்களில் எட்டிப்பார்க்கும். பலகையின் நடுவிலும் ஆங்காங்கே தேய்த்து வைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஒருவரும் தொடாத இடம் எப்படித் தேயும் என்று கேட்கத் தோன்றுகிறது.

மேற்பூச்சாக எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, பளபளப்பில்லாத கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) போதும். மெழுகுப்பூச்சு பார்வைக்கு அழகுதான் என்றாலும், நம் கோடையில் இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: தாத்தாவின் ஈட்டிமர நாற்காலிக்கும் இதே போல் வெள்ளை அடிக்கலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: அடிக்க வேண்டாம். ஸ்வீடன்காரர்கள் பூசியது எளிய மரத்துக்கு. ஈட்டியின் கருஞ்சிவப்பு ரேகைகளுக்குள் ஒருமுறை வெள்ளை இறங்கிவிட்டால், பிறகு எவ்வளவு சுரண்டினாலும் மரத்துளைகளில் வெண்புள்ளிகள் தங்கிவிடும். அனுபவமுள்ள ஆசாரி ஒருவரிடம் கொடுத்து அரக்குப் பாலிஷைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளைப் பெயின்ட் அடித்த பழைய தொட்டில் ஒன்று இருக்கிறது. அதைத் தேய்த்து, கீழுள்ள பழைய அடுக்குகளை வெளிக்கொண்டுவரலாமா? அடுத்த மாதம் பேரக்குழந்தை வருகிறது.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது எழும் தூசியே மிகவும் ஆபத்தானது, அதுவும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். மேலே புதிய பெயின்ட் பூசி மூடிவிடலாமே என்றால், பல் முளைக்கும் குழந்தை கடிப்பது தொட்டிலின் விளிம்பைத்தானே? ஆகையால் இந்தத் தொட்டிலைப் பேரக்குழந்தைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. பெயின்ட் உரியாமல் உறுதியாக இருந்தால், ஈரத்துணியால் துடைத்து, இரண்டு கோட் பூசி மூடி, குழந்தையின் கை எட்டாத அறையில் பூந்தொட்டிகள் வைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். உரிந்துகொண்டிருந்தால் அதையும் செய்ய வேண்டாம்; உதிர்ந்த செதில்களைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.