காயத்துக்கு முன்னால் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

அன்புள்ள அக்கா,

பழையனூர் நீலி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பேட்மேன் கார்ட்டூனில் வரும் பாய்சன் ஐவி என்றால் எனக்குப் பைத்தியம். செடி கொடிகளை ஏவி விடுபவள், முத்தத்திலேயே விஷம் வைத்திருப்பவள். அவளைப் போல ஒருத்தியை ஏற்காட்டில் வைத்து ஒரு சித்திரக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி சேர்வராயன் மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண். மூலிகை எல்லாம் பிறவியிலேயே தெரியும். அப்பா இல்லை, சித்தி கொடுமை, எஸ்டேட்டில் அவமானம். கடைசியில் ஒரு விஞ்ஞானி அரளி, ஊமத்தை, எட்டிச் சாறுகளை அவளுக்கு ஊசியில் ஏற்றுகிறான். அவள் உடம்பெல்லாம் பச்சையாகி எழுந்து வருகிறாள். இதற்கே நாற்பது பக்கம் ஆகிவிட்டது.

தோழிகள் இரண்டு குறை சொல்கிறார்கள். இது ஐவியின் காப்பி என்கிறார்கள். அப்புறம், ஒரு ஆண் கெடுதல் செய்தால்தான் பெண்ணுக்குச் சக்தி வருமா என்று கேட்கிறார்கள். அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் அவள் வெறும் வில்லி ஆகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். முடிவில் அவளைக் கொன்றுவிடலாமா என்பதும் தெரியவில்லை. சொல்லுங்கள் அக்கா.

க., அஸ்தம்பட்டி

*

அன்புள்ள க.,

காப்பி என்ற பேச்சை விடுங்கள். ஐவியையே அவர்கள் பல தடவை திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார்கள். ராபர்ட் கானிகரும் ஷெல்டன் மோல்டாஃபும் 1966இல் கொண்டுவந்த ஐவிக்குப் பால்யமே கிடையாது. ஊரில் முதல் நம்பர் குற்றவாளி நான்தான் என்று காட்ட வந்தவள், அவ்வளவுதான். முன்கதை வந்தது 1978இல். அதில் அவள் லிலியன் ரோஸ், தாவரவியல் படித்தவள். அவள் நம்பிய ஆள் ஒரு எகிப்தியப் பழம்பொருளைத் திருட அவளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, அதிலிருந்த மூலிகையையே கொடுத்து அவளைக் கொல்லப் பார்க்கிறான். பிழைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு எந்தத் தாவர விஷமும் அவளை ஒன்றும் செய்வதில்லை. 1989இல் வந்த கதையில் அவள் பமீலா ஐஸ்லி. ஜேசன் வுட்ரூ என்ற பேராசிரியர் அவள் உடம்பில் விஷங்களைச் செலுத்திப் பார்க்கிறார். உங்கள் விஞ்ஞானி எந்த வழியாக ஏற்காட்டுக்கு வந்தார் என்று புரிகிறதா?

ஆக, வில்லி வந்து 12 வருஷம் கழித்துத்தான் காயம் வந்திருக்கிறது. பால்யம் இல்லாமல் ஒருத்தி பயங்கரமாக இருக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கொல்லிப்பாவை இருக்கிறாள். சிரித்தே கொல்பவள். அவளுடைய சித்தி யார், அவளுக்கு என்ன கொடுமை நடந்தது என்று சங்கப் புலவர் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவளைப் பார்த்துப் பயப்படலாமே தவிர, அவளோடு கூட நடக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது கூட நடக்கக்கூடியவள். அதனால் முன்கதை இருக்கட்டும்.

தோழிகளின் இரண்டாவது குறைக்கு வருகிறேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு ஆண் கெடுதல் செய்கிறான் என்பது எனக்கு உறுத்தவில்லை, உலகத்தில் நடப்பதுதான். ஆனால் அந்த நாற்பது பக்கத்தில் உங்கள் பெண் என்ன வேலை செய்கிறாள்? அடி வாங்குகிறாள், அழுகிறாள், ஊசி போட்டுக்கொள்கிறாள். பமீலா ஊசிக்கு முன்பே செடிகளைப் படித்தவள். விஷம் அவளுக்குப் புதிதாக ஒரு படிப்பைக் கொடுக்கவில்லை, இருந்த படிப்புக்குப் பல் முளைக்க வைத்தது. மலையாளிப் பெண் என்றதும் மூலிகை ஞானத்தோடு பிறந்தாள் என்று ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். பிறவி ஞானம் என்பது எழுதுகிறவர் உழைக்காமல் இருக்கச் செய்துகொள்ளும் ஏற்பாடு. காப்பி பறிக்கட்டும், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கட்டும், கவாத்து செய்யட்டும். எந்தச் செடி கையில் அரிக்கும் என்பதை அவள் கை கற்றுக்கொள்வதை நாங்கள் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த ஐவி கார்ட்டூனில் வருபவள்தான். 1992 கதையில் அவளுக்கு யாரும் ஊசி போடுவதைக் காட்டவில்லை. ஹார்வி டென்ட் என்ற அரசு வழக்கறிஞர் ஒரு நிலத்தில் சிறைச்சாலை கட்டப் பூமி பூஜை போடுகிறார். அங்கே இருந்த ஒரு காட்டு ரோஜா அதோடு அழிகிறது. கடைசிச் செடியைத் தோண்டி எடுத்து வைத்திருந்தவள், வருஷங்கள் கழித்து வந்து காதலிப்பது போல நடித்து, அவருக்கு விஷ முத்தம் கொடுக்கிறாள். ஒரு பூவுக்காக ஒரு கொலை முயற்சி. நமக்கு அது பைத்தியக்காரத்தனம், அவளுக்கு அது ரத்த சம்பந்தம்.

1994இல் அதே தொடரில் இன்னொரு கதை. விஷம் ஏறாத உடம்பு என்பதால் அவளுக்குப் பிள்ளை பிறக்காது. அவள் செடியிலிருந்தே ஒரு கணவனையும் பிள்ளைகளையும் வளர்த்து, வீடு வாசல் என்று குடித்தனம் நடத்துகிறாள். அதைப் பார்த்தபோது எனக்கு நேராக நீலிதான் நினைவுக்கு வந்தாள். கணவனால் கொல்லப்பட்டவள், அடுத்த பிறவியில் அவனைத் துரத்தி வருகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர் வேளாளர்களின் சபையில் போய் நிற்கிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்று தாவுகிறது. சபை நம்பிவிடுகிறது. கொலை செய்யப்பட்டதால் அவள் பேய் ஆனாள், சரி. எனக்கு முதுகு சிலிர்க்கிற இடம் அது இல்லை. கள்ளியைப் பிள்ளை என்று இடுப்பில் ஏற்றினாளே, அந்த இடம். மனுஷ உறவை விட்டுவிட்டு வேறு எதையோ சொந்தம் என்று அவள் எடுத்துக்கொள்கிற அந்த நிமிஷத்தைத்தான் உங்கள் கதையில் தேடினேன். நாற்பது பக்கத்தில் அது இல்லை.

அதை எழுத உட்கார்ந்தால் ஏற்காடு உங்களுக்கு ஒரு சிக்கலைக் கொடுக்கும். கொடுக்கட்டும். ஐவிக்கு எல்லாச் செடியும் ஒன்று. அது நகரத்தில் இருப்பவளுக்குச் சரி. சேர்வராயன் மலையில் சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுக்கும் பச்சையில் பெரும்பகுதி வெளியூர்ப் பச்சை. காப்பியை 1820களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் கொண்டுவந்தார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். புதர் புதராக மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது, தன் பக்கத்தில் வேறு செடியை எழவிடாது. இந்த மலையில் செடிகளுக்காகச் சண்டை போட வருகிறவள் முதலில் செடிகளைக் கொல்ல வேண்டியிருக்கும். எதை? அம்மா கூலி வாங்கிய காப்பியையா?

உருமாற்றத்துக்கும் அந்த உண்ணிச்செடியையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அரளி, ஊமத்தை, எட்டி மூன்றும் சினிமா விஷம். உண்ணிச்செடியை மேய்ந்த மாட்டுக்கு என்ன ஆகிறது என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் ஈரல் கெடுகிறது. தின்ற தழையின் பச்சையம் வயிற்றில் உடைந்து ஒரு பொருளாகிறது, ஃபைலோஎரித்ரின் என்று பெயர். நல்ல ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். கெட்ட ஈரலால் முடியாது. அது ரத்தத்தில் கலந்து தோலுக்கு வருகிறது. அப்புறம் வெயில் பட்டால் போதும், தோல் வெந்து உரிகிறது. வெள்ளைத் தோல் உள்ள இடத்தில்தான் முதலில். அதனால்தான் மாட்டை நிழலில் கட்டச் சொல்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். இலையில் வெயிலை வாங்கிச் சோறாக்கும் அதே பச்சையத்தின் மிச்சம், சதைக்குள் போனதும் வெயிலை வாங்கிச் சதையைச் சுடுகிறது. இது மாட்டுக்கு வருவது, மனுஷிக்கு வரவைப்பது உங்கள் கற்பனை. பச்சை நிறம் பூச வேண்டிய அவசியமே இல்லை. பகலில் வெளியே வர முடியாதவள், பனி இறங்கினால் மட்டும் எஸ்டேட்டுக்குள் நடப்பவள். ஏற்காட்டில் பனிக்கா பஞ்சம்? ஒருநாள் அந்தத் தோல் வெயிலைத் தாங்கப் பழகிக்கொள்கிறது என்று வைத்தால், அதுதான் பயப்பட வேண்டிய நாள். ஊசியும் வேண்டாம், விஞ்ஞானியும் வேண்டாம். களை எடுக்கப் போன பெண் எதற்காக அந்தத் தழையை வாயில் வைத்தாள் என்பதற்கு மட்டும் ஒரு காரணம் கண்டுபிடியுங்கள். சித்தி இருக்கட்டும், ஆனால் கொடுமைக்காரச் சித்தியை நூறு படத்தில் பார்த்துவிட்டோம். இவளிடம் கொஞ்சம் பிரியமாக இருந்து தொலைக்கட்டும், கதை இன்னும் மோசமாகும்.

கடைசிக் கேள்வி. கொல்ல வேண்டாம். அங்கே காமிக்ஸில் வில்லியைக் கொல்லாமல் வைத்திருப்பது அடுத்த இதழுக்காக. நம் பக்கத்து வழக்கம் வேறு. நீலிக்குக் கோயில் இருக்கிறது. தெற்கே போனால் இசக்கியம்மன் கையில் பிள்ளையோடு நிற்கிறாள், நீலியும் அவளும் ஒருத்திதான் என்று கதைப்பாட்டில் பாடுகிறார்கள். பயந்தவர்களே படையலும் போடுகிறார்கள். உங்கள் எஸ்டேட் ஆட்கள் இவளை எந்த மரத்தடியில் வைப்பார்கள், சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் படைப்பதை இவளுக்கும் படைப்பார்களா, மானேஜர் அதற்கு லீவு விடுவாரா என்று எழுதிப் பாருங்கள். அந்த அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள். முதல் நாற்பது பக்கத்தை மறுபடி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அக்கா