மறுவெளியீட்டில் தவில் அமுங்கிப்போவது ஏன்?

கும்பகோணத்து நண்பருக்கு வணக்கம். தாத்தாவின் எல்பியில் அதிரும் தவில், மறுவெளியீட்டு சிடியில் சத்தமாக இருந்தும் சப்பென்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஸ்பீக்கரைச் சந்தேகிக்காதீர்கள். மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில், உச்ச சத்தத்தை அடக்கும் லிமிட்டரை இறுக்கினால், தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அந்தக் கணம் மழுங்கிவிடும், மற்றதெல்லாம் மேலேறும். இரைச்சலைத் துடைக்கப்போய் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியின் மூச்சையும் துடைத்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். கைதேர்ந்தவர் கொஞ்சம் இரைச்சலை விட்டுவைப்பார்.

சிடியின் வால்யூமைக் குறைத்து, இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் தவில் அமுங்கினால் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்து 78 சுழற்சித் தட்டுகள் வேறு கதை. 1954-இல் ஆர்ஐஏஏ வளைவு என்ற ஒரே அளவுகோல் பொதுவாகும் முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஈக்யூ, அதாவது கனத்த ஒலியையும் கீச்சு ஒலியையும் கூட்டிக் குறைக்கும் கணக்கு. அதைத் தப்பாகப் போட்டால் நாகஸ்வரம் மூக்கடைத்த மாதிரிதான் கேட்கும்.