மனநோய் உள்ளவருக்குப் புற்றுநோய் முற்றினால்: மாத்திரையை நிறுத்தலாமா, வலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். என் அண்ணனுக்கு 57 வயது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேலாக மனச்சிதைவு நோய். க்ளோசபின் மாத்திரையில்தான் ஓரளவு அமைதியாக இருந்தார். பீடி நிறையக் குடிப்பார். இப்போது நுரையீரலில் புற்றுநோய், இடுப்பு எலும்புக்கும் பரவிவிட்டது என்று கோயமுத்தூரில் சொல்லிவிட்டார்கள். கீமோ தாங்க மாட்டார், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்கிறார்கள். ‘இனி எதுக்கு அந்த மாத்திரை, நிறுத்திப்போடு’ என்கிறார் பங்காளி ஒருவர். வலிக்கிறது என்று அண்ணன் சொல்வதே இல்லை. ஆனால் ராத்திரியானால் கத்துகிறார். நோயைப் பற்றி அவரிடம் சொல்லலாமா, கூடாதா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். க்ளோசபினை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, வியர்வை, தூக்கமின்மை வரும். சில நாளிலேயே பழைய பயமும் குரல்களும் திரும்பிவிடலாம். மிச்சமிருக்கும் காலத்தை அவர் பயத்தில் கழிக்க வேண்டியதில்லை. வாந்தியாலோ வேறு காரணத்தாலோ இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால், மறுபடி பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். டாக்டரிடம் கேட்டு 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும்.

பீடி விஷயம் பலருக்கும் தெரியாதது. பீடிப் புகை ஈரலைத் தூண்டிவிட்டு க்ளோசபினை வேகமாகக் கரைக்கிறது. படுக்கையில் விழுந்து பீடி நின்றுவிட்டால், அதே மாத்திரை அளவு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். எந்நேரமும் தூக்கம், எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம், சிலருக்கு வலிப்பு. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தாலும் இதேபோல் ஏறும். அதனால் பீடி குறைந்ததை மனநல மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளையணுவைப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது அந்த ராத்திரிக் கத்தல். இதை நான் வலி என்றே எடுத்துக்கொள்கிறேன், இல்லை என்று நிரூபணமாகும் வரை. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் படுத்த பிறகு, இரவில்தான் அதிகம் குடையும். மனச்சிதைவு உள்ளவர்கள் பலர் வலியை நம்மைப்போல் ‘வலிக்குது’ என்று சொல்வதில்லை. ‘இடுப்புல கம்பியச் சொருகறாங்க’, ‘கரண்ட் வெக்கறாங்க’ என்பார்கள். கேட்கிறவர்கள் அதைப் பழைய நோய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், ஆஸ்பத்திரியிலும்கூட. கம்பியைச் சொருகுபவர் யாரும் இல்லை என்பது சரி. ஆனால் இடுப்பு வலிக்கிறதே, அது நிஜம். இந்த ஒரு விஷயத்துக்காக நீங்கள் யாரோடும் வாதாடலாம்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. துணி மாற்றும்போதும் திருப்பிப் படுக்க வைக்கும்போதும் முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்குகிறதா, ஒரு பக்கத்தைத் தொடவிடாமல் கையைத் தட்டிவிடுகிறாரா, நடப்பதைக் குறைத்துக்கொண்டாரா, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறாரா? டாக்டர் எழுதித் தரும் வலி மருந்தை, கத்தும்போது மட்டும் கொடுக்காமல் மணி பார்த்து இரண்டு மூன்று நாள் கொடுங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது கத்தினார், எப்போது தூங்கினார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கத்தல் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. இன்னொன்று, எலும்பு வலிக்கு ஒரே ஒருமுறை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு நல்ல நிம்மதி கிடைக்கும். கீமோ தாங்காதவருக்கும் இதைக் கொடுக்கலாம். சில நிமிஷம் அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்பு மனம் அமைதியாக இருக்க என்ன கொடுக்கலாம் என்று மனநல மருத்துவரைக் கேளுங்கள். ‘மனநோயாளி, ஒத்துழைக்க மாட்டார்’ என்று இதைச் சொல்லாமலே விட்டிருந்தால், நீங்களாகக் கேளுங்கள்.

கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. சரியான அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் அப்படி ஆகாது. மூச்சுத்திணறலுக்கும் சிறிய அளவில் அது உதவும். உங்கள் அண்ணன் விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, க்ளோசபினும் மயக்கம் தரும், மார்ஃபினும் மயக்கம் தரும் என்பதால் அளவை இரண்டு டாக்டரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மற்றது மலச்சிக்கல். க்ளோசபின் குடலை மந்தமாக்கும், மார்ஃபின் அதோடு சேரும், குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கூடவே வேண்டும். தண்ணீர் சரியாகக் குடிக்காதவருக்கு ஈசப்கோல் கொடுக்காதீர்கள், அது உள்ளேயே கட்டிக்கொள்ளும். மார்ஃபினைப் பீரோவில் பூட்டி வையுங்கள்.

வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய் மருந்துகளோடு சேர்ந்தால் உடம்பு இறுகலாம், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிக்க வைக்கலாம். பார்ப்பவர்களுக்கு அது ‘பைத்தியம் முற்றிவிட்டது’ போலத் தெரியும். பசிக்கும் மூச்சுக்கும் தரும் டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுத்து மனதையும் குழப்பக்கூடியது. அதைக் காலையில் கொடுப்பது நல்லது. லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் இதைப் படித்தால்: டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் லித்தியத்தை நஞ்சாக்கும் அளவுக்கு ஏற்றிவிடும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரே யோசனைதான் சொல்வேன். இரண்டு டாக்டரின் மருந்துகளும் ஒரே தாளில் இருக்கட்டும். புற்றுநோய் டாக்டரிடம் போகும்போது மனநல மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள், மனநல மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் டாக்டர் எழுதியதைக் கொண்டு போங்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாததால் வரும் கஷ்டம், நோயின் கஷ்டத்துக்குச் சமமாக இருக்கிறது.

திடீரென்று ஓரிரு நாளில் ஆளே மாறி, பகல் ராத்திரி தெரியாமல், சுவரில் பூச்சி ஊர்கிறது என்றால் அதைப் பழைய நோய் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு, மலக்கட்டு, தொற்று, சோடியம் குறைவு, புது மருந்து இவற்றில் ஒன்று. உடனே பார்த்தால் சரியாகக்கூடியவை.

சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ‘அவனுக்கு என்ன தெரியும்’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவருக்குத் தெரியும். உடம்பு இளைப்பது, வீட்டில் குசுகுசுவென்று பேசுவது, ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவது எல்லாம் கண்ணில் படுகிறது. ஏற்கனவே யாரோ தனக்கு எதிராகத் திட்டம் போடுகிறார்கள் என்று பயப்படுகிறவருக்கு, மறைவான பேச்சு அந்தப் பயத்தை உறுதிப்படுத்தும். குரல்கள் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, அவர் நம்பும் ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, ‘டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நெனக்கறீங்கண்ணா?’ என்று கேட்டுத் தொடங்கலாம். அவர் கேட்கும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். மறுநாள் மறந்தது போலக் கேட்டால் மறுபடி சொல்லுங்கள். பொய் வேண்டாம். அதேபோல் மாத்திரையை ரசத்தில், ரவா உப்புமாவில் கலந்து கொடுக்காதீர்கள். கண்டுபிடித்தால் சாப்பாட்டையே நிறுத்திவிடுவார், உங்களையும் நம்ப மாட்டார்.

அவரிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சாளையிலேயே இருக்க வேண்டுமா, ஆஸ்பத்திரியிலா? மூச்சு வாங்கினால் குழாய் வைக்கலாமா? மனநோய் இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் சொல்லவில்லை. மனநல சிகிச்சையில் தன் சார்பாகப் பேச ஒருவரை அவர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம், அது நீங்களாகவும் இருக்கலாம். செயற்கை சுவாசம் போன்றவை வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் முன்விருப்ப ஆவணம் தனி. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023இல் எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும். தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டும்.

உதவிக்கு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். வீட்டுக்கே வந்து வலியையும் வேதனையையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சை தருவதும் அந்தத் திட்டத்தில் அடக்கம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்றும் விசாரியுங்கள். ராத்திரியில் கை ஓய்ந்துபோனால் 14416 டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். அது உங்களுக்கும்தான்.

கடைசியாக ஒன்று. ஒரு கட்டத்தில் அவரால் மாத்திரை விழுங்க முடியாமல் போகும். க்ளோசபினுக்குப் பதிலாக அப்போது என்ன கொடுப்பது என்பதை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். நாக்கில் கரையும் ஓலன்சபின் இருக்கிறது, தோலுக்கடியில் போடும் ஹாலோபெரிடால் ஊசி இருக்கிறது. ஹாலோபெரிடால் குமட்டலுக்கும் குழப்பத்துக்கும் சேர்த்தே உதவும். அந்த ஊசியை வீட்டுக்கு வந்து யார் போடுவார்கள் என்பதையும் அதே தாளில் ஃபோன் நம்பரோடு எழுதிக்கொள்ளுங்கள்.