கறுப்புப் புள்ளி இருந்தாலே சால்மொனெல்லாவா? வாசகர் கேள்வி-பதில்

உணவு நஞ்சாதலும் டைஃபாய்டும் உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியாவைத் தேடும் எக்ஸ்எல்டி வளர்ப்புத் தட்டில் சிவப்புக் காலனி, நடுவில் கறுப்பு. ஆனால் ஓ ஆன்டிசீரத்தில் (பாக்டீரியா மேற்பரப்பின் ஓ ஆன்டிஜனைப் பற்றித் திரளவைக்கும் சீரம்) திரளவே இல்லை. ஏன்?
(பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, உட்லண்ட்ஸ்)

கறுப்பு என்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அவ்வளவுதான். புரோட்டியஸ், சிட்ரோபாக்டர் என்ற வேறு குடல் பாக்டீரியாக்களும்கூட அதை உண்டாக்கும். ஒரே ஒரு காலனியைத் தொட்டு நியூட்ரியன்ட் அகாரில் மறுபடி கீறி வளர்த்து, அதிலிருந்து யூரியேஸ் (யூரியாவைச் சிதைக்கிறதா), டிஎஸ்ஐ (சர்க்கரைகளும் இரும்பும் உள்ள சரிவு அகார் குழாய்), லைசின் (அந்த அமினோ அமிலத்தைச் சிதைக்கிறதா) ஆகிய மூன்று சோதனைகளையும் போடுங்கள். யூரியா இளஞ்சிவப்பானால் பெரும்பாலும் புரோட்டியஸ், அதோடு விட்டுவிடலாம். லைசின் எதிர்மறை என்றால் சிட்ரோபாக்டரைச் சந்தேகியுங்கள். சால்மொனெல்லாவுக்குப் பொதுவாக டிஎஸ்ஐ சரிவு சிவப்பு, அடி மஞ்சளும் கறுப்பும்.

எல்லாம் பொருந்தியும் திரளவில்லையா? டைஃபாய்டு உண்டாக்கும் டைஃபி வகையாக இருக்கலாம். அதன் மேலுள்ள விஐ என்ற உறை ஓ ஆன்டிஜனை மூடிவிடும். விஐ சீரத்தில் திரண்டால், உப்புநீரில் கெட்டியாகக் கரைத்துக் கொதிநீரில் 10 முதல் 15 நிமிடம் வைத்து, ஆறியபின் ஓ:9 சீரத்தில் (டைஃபியின் ஓ ஆன்டிஜனுக்கானது) பாருங்கள். டைஃபி என்ற ஐயம் எழுந்ததுமே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். உயிரியல் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வெளியே கைவைக்க வேண்டாம்.

பக்கத்தில் வெறும் உப்புநீர்ச் சொட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலேயே திரண்டால் அது சீரம் இல்லாமலே தானாகத் திரளும் கரடு வகை. சீரம் காட்டுவது எதையும் நம்ப முடியாது. இன்னொன்று: பாராடைஃபி ஏ என்ற சால்மொனெல்லா வகை பெரும்பாலும் கறுப்பே காட்டாது. கறுப்பை மட்டும் தேடுகிறவர் அதைத் தவறவிடுவார்.

சால்மொனெல்லாவில் என்டரிட்டிடிஸ், டைஃபிமியூரியம் இரண்டும் வெவ்வேறு சிற்றினங்களா?
(தெம்பனிஸ்)

இல்லை. சிற்றினங்கள் இரண்டே: என்டரிகா, பொங்கோரி. நீங்கள் சொல்பவை என்டரிகாவின் சீரோவார்கள். அதாவது ஓ (மேற்பரப்பு), எச் (கசையிழை) ஆன்டிஜன்களை வைத்துப் பிரித்த வகைகள்; இவை 2,500-க்கு மேல் உண்டு. முன்பு ஒவ்வொன்றையும் தனிச் சிற்றினமாக எழுதியதால்தான் பழைய நூல்கள் குழப்புகின்றன. பிரிப்பதால் பயன் உண்டு: என்டரிட்டிடிஸ் என்றதும் முட்டையை விசாரிக்கலாம். 2021-இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு மலேசியப் பண்ணை முட்டைகளைத் திரும்பப் பெறவைத்தது இதற்காகத்தான். ஓட்டிலுள்ள பண்ணைக் குறியீட்டைப் பாருங்கள். இந்த வகை முட்டைக்குள்ளேயும் இருக்கும் என்பதால், ஓட்டைக் கழுவிவிட்டு அரைவேக்காட்டில் சாப்பிடுவது பாதுகாப்பல்ல.

திருச்சி போய்வந்த அப்பாவுக்குக் காய்ச்சல். விடால் பாசிட்டிவ். டைஃபாய்டா?
(ஈசூன்)

இரத்தத்தில் டைஃபாய்டு எதிர்ப்பொருளைத் தேடும் விடால் சோதனையை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. பழைய தொற்றும் பிற சால்மொனெல்லாக்களும்கூட அதை உயர்த்தும். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுத்த இரத்தக் கல்ச்சரே (இரத்தத்திலிருந்து பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது) இதைவிட நம்பகமானது, ஆனால் அதுவும் பலரிடம் நோயைத் தவறவிடும். இன்றே மருத்துவரைப் பாருங்கள். இந்தியா போய்வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். தெற்காசிய டைஃபி பலவற்றுக்குச் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சரியாக வேலைசெய்வதில்லை.

மசாலாத் தூளில் சால்மொனெல்லா சோதனை எப்போதும் 'இல்லை' என்றே வருகிறது. நம்பலாமா?
(தேக்கா)

பட்டை, கிராம்பு கலந்ததென்றால் உடனே நம்பாதீர்கள். வழக்கமான 25 கிராமுக்கு 225 மி.லி. பெப்டோன் நீரில் (பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டநீர்), மசாலாவின் எண்ணெயே பாக்டீரியாவை அடக்கிவிடும். பட்டைக்கு 1:100, கிராம்புக்கு 1:1000 என்று நீர்க்க வேண்டும். பூண்டு, வெங்காயத் தூளுக்கு அடக்கும் தன்மையைக் குறைக்க, ஊட்டநீரில் 0.5 சதவீதம் பொட்டாசியம் சல்ஃபைட் சேர்ப்பார்கள். சரிபார்க்க எளிய வழி: அதே தூளில் தெரிந்த சால்மொனெல்லாவைச் சிறிதளவு கலந்து சோதனைக்கு விடுங்கள். அதுவும் வளரவில்லை என்றால், இதுவரை வந்த 'இல்லை' எதுவும் கணக்கில் வராது.