பிளாக்செயின் கேம் டோக்கன்கள் நின்று பிடிக்குமா?

கேள்வி: கல்முனையில் இருக்கிறேன். 200 டொலருக்கு ஒரு விளையாட்டுப் பாத்திரம் (கரக்டர்) வாங்கினால் நாளுக்கு 60 டோக்கன் (விற்கக்கூடிய கிரிப்டோ நாணயம்) தரும் கேம் ஒன்றில் கூட்டாளிமார் சேருகிறார்கள். டோக்கன் இப்போது 5 அமெரிக்கச் சதம். இது நீண்டகாலம் ஓடுமா?

பதில்:

ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற ஆள் என்று நினைத்துச் சொல்கிறேன், தம்பி. கைமாற்று வாங்கிப் போடுகிற எண்ணம் இருந்தால் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

நாளுக்கு 3 டொலர், 67 நாளில் போட்ட காசு திரும்பும் என்றுதான் கூட்டாளிமார் சொல்லியிருப்பார்கள். விலை அசையாமல் நின்றால் அது சரி. நாளுக்கு 2 வீதம் இறங்கினால், காலமெல்லாம் விளையாடி அன்றன்றே விற்றாலும் மொத்த வரவு 150 டொலரைத் தாண்டாது (3 ஐ 0.02 ஆல் வகுத்துப் பாருங்கள்). 1 வீதம் இறங்கினால் ஏறத்தாழ 110 நாள் பிடிக்கும்.

ஏன் இறங்கும்? 10,000 பேர் விளையாடினால் நாளுக்கு 6 இலட்சம் டோக்கன் பிறக்கிறது. அதில் 2 இலட்சம் கேமுக்குள் செலவாகி எரிந்தாலும் (நிரந்தரமாக அழிந்தாலும்) 4 இலட்சம் மிச்சம். விலை 5 சதத்தில் நிற்க, தினமும் 20,000 டொலர் வெளியிலிருந்து வரவேணும். அதைக் கொண்டு வருகிறவர் புதிதாகச் சேருகிறவர். மறுநாளிலிருந்து அவருக்கும் 60 டோக்கன். வடிச்சல் இல்லாத வயலுக்கு இன்னொரு வாய்க்கால் வெட்டுகிற வேலை இது.

அக்சி இன்ஃபினிட்டி என்ற பிளாக்செயின் கேமில் நடந்தது இதுதான். அதன் எஸ்.எல்.பி. டோக்கன் எரிந்தது பெரும்பாலும் அக்சிகளை (அதில் வைத்து விளையாடும் குட்டிப் பிராணிகளை) இனப்பெருக்கம் செய்யும்போது. புதிய அக்சி யாருக்குத் தேவை? புதிதாக வருகிறவருக்கு, அதுவும் அப்போது தொடங்கவே மூன்று வேணும். அவர் அந்த மூன்றையும் வைத்து இன்னும் எஸ்.எல்.பி. உழைப்பார். ஆட்கள் வருவது குறைந்தவுடன் எரிப்பு நின்றது, பிறப்பு நிற்கவில்லை. 2021 ஜூலையில் 30 சதத்தைத் தாண்டியிருந்த விலை 2022 தொடக்கத்தில் ஒரு சதத்தளவுக்கு வந்தது. அந்தப் பெப்ரவரியில் தினப்பணிக்கும் அட்வெஞ்சர் பகுதிக்கும் கொடுத்த எஸ்.எல்.பி.யை நிறுத்தினார்கள். பிந்திய மருந்து. நடந்தால் டோக்கன் தரும் ஸ்டெப்பன் செயலியின் ஜி.எஸ்.டி. டோக்கனும் 2022 ஏப்ரலில் 8 டொலரைத் தாண்டி, ஜூனில் ஒரு டொலருக்குக் கீழே விழுந்தது.

எல்லாக் கேமும் மோசடி என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அக்சி இன்னும் ஓடுகிறது. பிளாக்செயின் இல்லாத ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் விளையாட்டு 2003 இலிருந்து நிற்கிறது. அங்கே சண்டையில் உடைந்த கப்பல் உடைந்ததுதான். விளையாட்டுப் பிடித்தவர் திரும்பக் கட்டுவார். உழைக்க வராமல் செலவழிக்க வருகிற ஆட்கள் போதியளவு இருந்தால்தான் டோக்கன் நிற்கும்.

உங்கள் கேமைச் சோதிக்க, பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (டோக்கன் கொடுக்கல் வாங்கல் எழுதப்படும் பொதுப் பதிவேடான பிளாக்செயினைப் பார்க்கும் இணையத்தளம்) டோக்கனின் மொத்த அளவை இன்றும் ஒரு கிழமை கழித்தும் குறித்து வையுங்கள். வித்தியாசம்தான் எரிந்தது போக மிச்சப் பிறப்பு. யாரும் திறக்க முடியாத 'டெட்' முகவரிக்கு அனுப்பி எரிக்கிற கேமானால் மொத்த அளவு குறையாது, அந்த முகவரியின் இருப்பை நீங்களே கழிக்க வேணும். அடுத்து லிக்விடிட்டி பூல், அதாவது டோக்கனைக் கொடுத்துக் காசு எடுக்கிற பொதுக் கையிருப்பு. அதில் விற்க விற்க விலை இறங்கும். அதில் 20,000 யூ.எஸ்.டி.டி.யும் (ஒன்று ஒரு டொலர் மதிப்பில் நிற்கிற கிரிப்டோ) 4 இலட்சம் டோக்கனும் மட்டும் இருந்தால், ஒருவர் ஒரு இலட்சம் டோக்கன் விற்றாலே அவருக்கு 5,000 வராது, 4,000தான். விலையும் 3.2 சதத்துக்கு இறங்கிவிடும். நிறுவனர்களின் டோக்கன் எந்த மாதம் அன்லொக் ஆகிறது (விற்க விடப்படுகிறது) என்பதையும் பாருங்கள். அந்த மாதத்துக்கு முன் வாங்குவது அவர்களுக்குக் காசு கொடுப்பது.

இன்னொரு ஆத்திரம். கிரிப்டோ வகுப்பு என்று பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குகிறவர்கள் இதில் ஒன்றையும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஆள் சேர்த்தால் தங்களுக்குக் கமிஷன் வருகிற ரெஃபரல் இணைப்பைத்தான் கொடுக்கிறார்கள். ஓ.எல். ஐ.சி.டி.யில் படித்த எக்செல் போதும் இந்தக் கணக்குக்கு.

இலங்கையில் கிரிப்டோ கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி அட்டை பாவிக்க மத்திய வங்கி அனுமதிக்கவில்லை. அதனால் பி2பி.யில்தான் (தளம் ஒன்றில் இன்னொரு ஆளுக்கு நேரடியாக விற்று) காசாக்குவீர்கள். அனுப்புகிறவரின் வங்கிக் கணக்குப் பெயரும் தளத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் டோக்கனை விடுவிக்காதீர்கள். வேறொருவரிடம் ஏமாற்றிய காசாக இருந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு.