அப்பாவை அந்த ஷெட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: மதுரையில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, அம்மா காலமான பிறகு எங்களோடு மெல்பர்ன் வந்துவிட்டார். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் ‘மென்ஸ் ஷெட்’ என்ற ஆண்கள் சங்கத்துக்கு அவரைக் கூப்பிடுகிறார். அவர்களுடைய மாதச் செய்தி மடலைப் படித்தேன் (நகல் இணைத்திருக்கிறேன்). வேன் பிடித்து மீன் பிடிக்கப் போனார்களாம், கடை வாசலில் சாஸேஜ் சுட்டு விற்றார்களாம், யாருக்கோ முட்டி ஆபரேஷனாம். வேலை வெட்டி இல்லாத கூட்டமாகத் தெரிகிறது. சைவம் சாப்பிடுகிற, ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் பேசுகிற அப்பாவை அங்கே அனுப்பலாமா? — பெயர் வேண்டாம், மெல்பர்ன்

பதில்: முதலில் ஒன்று. அப்பாவிடம் கேட்டீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. கூப்பிட்டது அவரைத்தான்.

அடுத்து, அந்த ‘வேலை வெட்டி இல்லாத கூட்டம்’. மென்ஸ் ஷெட் என்பது ஆண்கள் ஒன்றுகூடி மரவேலை, ரிப்பேர் வேலை செய்கிற பட்டறை. நீங்கள் அனுப்பிய மடலை நான் இரண்டு தடவை படித்தேன். முட்டி ஆபரேஷன் செய்தி நாலே வரி. நண்பர் வீடு திரும்பிவிட்டார், ஆறு வாரம் கார் ஓட்டக் கூடாது, வியாழக்கிழமைகளில் அவரைக் கூட்டிவர யாராவது பெயர் கொடுங்கள், அவர் பாதியில் விட்ட மரக்குதிரையை அப்படியே வையுங்கள், வந்து அவரே முடிப்பார். அந்தக் குதிரை ஒரு மழலையர் பள்ளிக்குப் போக வேண்டியது என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஒரு மனிதர் வராவிட்டால் அவருக்காக ஓர் இடம் காலியாகக் காத்திருக்கிறது என்பதைத்தான் அந்த நாலு வரியும் சொல்கிறது. இதை நீங்கள் எப்படித் தாண்டிப் போனீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார், 8.10 மணி பஸ் கிளம்புகிற வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வாக்கிங் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பல மாதம் கழித்து டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, அது அவர் முப்பது வருஷம் வேலைக்குப் போன பஸ். ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

இந்த ஷெட்டுகள் எதற்காக வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1993இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வாவில் இப்படி ஓர் இடம் தொடங்கியது. ‘மென்ஸ் ஷெட்’ என்ற பெயரோடு 1998இல் திறந்தது உங்கள் விக்டோரியாவிலேயே உள்ள டொங்காலா என்ற சின்ன ஊரில். 2007இல் தேசியச் சங்கம் அமைந்தது, இன்றைக்கு அந்த நாட்டில் ஆயிரத்துக்கு மேல் ஷெட்டுகள், அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பரவிவிட்டன. 2010இல் ஆஸ்திரேலிய அரசு ஆண்களின் உடல்நலத்துக்கென்று வகுத்த கொள்கையிலேயே இதற்கு இடம் கொடுத்தது. காரணம் எளிது. ஓய்வு பெற்ற, மனைவியை இழந்த ஆண்கள் வீட்டுக்குள் சுருங்கிப் போகிறார்கள், டாக்டரிடமும் போவதில்லை, யாரிடமும் எதையும் சொல்வதுமில்லை. உட்கார வைத்து ‘மனசு விட்டுப் பேசுங்கள்’ என்றால் வாயே திறக்காதவர், பலகையின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தூக்கம் வராததைச் சொல்லிவிடுவார். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றுதான் பேசுவார்கள் என்பது அந்தச் சங்கத்தாரே அடிக்கடி சொல்கிற வாசகம்.

சாஸேஜ் விஷயம்: ஹார்டுவேர் கடை வாசலில் ரொட்டித் துண்டில் வெங்காயத்தோடு வைத்து விற்பது அந்த நாட்டில் ஊர்ச் சங்கங்கள் காசு சேர்க்கிற வழி. பள்ளிக்கூடம், விளையாட்டுக் குழு எல்லோரும் செய்வதுதான். மரம் வாங்கவும் வேனுக்கு டீசல் போடவும் அந்தக் காசுதான். அப்பாவை யாரும் சாப்பிடச் சொல்லப் போவதில்லை, வெங்காயம் நறுக்கச் சொல்வார்கள். மீன்பிடிப் பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுங்கள், போதும்.

ஆங்கிலம்? மில் ஃபிட்டருக்கு லேத், ஸ்பானர், வைஸ், டிரில் பிட் இதெல்லாம் என்ன மொழி என்று நினைக்கிறீர்கள்! பழுதான மெஷின் முன்னால் அவரை நிறுத்துங்கள், அங்கே இருக்கிற பாதிப் பேரைவிட அவருக்கு அது புரியும். மீதி டீ நேரத்தில் வந்துவிடும்.

ஒரு கவலை மட்டும் நியாயமானது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. எல்லா ஷெட்டும் ஒன்றுபோல இருக்காது. சில இடங்களில் பழைய ஆட்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு புதியவரை ஓரமாக நிறுத்திவிடுவதும் உண்டு. இரண்டு மூன்று வாரம் போய்ப் பார்த்து அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், வேறு ஷெட் பார்க்கலாம். முடிவு அவருடையது.

அவர் சரி என்றால் வியாழக்கிழமை காலை வாசலில் இறக்கிவிடுங்கள். மூடிய ஷூ போட்டுப் போகச் சொல்லுங்கள், மெஷின் இருக்கிற இடம். நீங்கள் கூடவே உள்ளே போய் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அப்புறம், அடுத்த மாத மடல் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அந்த மரக்குதிரை முடிந்ததா என்று தெரிய வேண்டும்.